பித்தளை வேண்டாம் என்றார்

இரண்டே இரண்டு போல்ட் வாங்குவதற்கு ஒரு மனிதன் முற்பகல் முழுவதையும் செலவழிப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த மனிதரைப் பார்ப்பதற்கு முன்பு நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய மகள் எங்காவது இதைப் படிக்க நேரலாம். படித்தால் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு நட்டு போல்ட்டுக் கடையில் நான் வேலை பார்க்கிறேன். முதலாளி பெரும்பாலும் வருவதில்லை. கல்லாவும் நான்தான், கவுன்ட்டரும் நான்தான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் படகுக்காரர்கள். எஞ்சினைக் கரையில் பிரித்துப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். "எக்கா, ஆறு எம்.எம். நாலு குடு, சீக்கிரம்" என்பார்கள். கையில் விழுந்ததும் பறந்துவிடுவார்கள். அந்த அவசரத்துக்கு நடுவில் இவர் மட்டும் கவுன்ட்டர் ஓரத்தில் ஒரு பழைய துண்டை விரித்து, நான் கொடுத்த தட்டை அதில் கவிழ்த்து, ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பார்ப்பதில் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் நகத்தால் மரையை மேலிருந்து கீழே ஒரு கீறு கீறுவார். அப்புறம் ஒரு நட்டைப் போட்டு விரலால் சுண்டிவிடுவார். அது எங்கும் தயங்காமல் அடிவரை ஓட வேண்டும், தயங்கினால் அந்தப் போல்ட் தட்டுக்குத் திரும்பிவிடும். கடைசியாகத் தன் சட்டைப் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்துப் போல்ட்டின் தலையில் இருக்கும் ஆறுமூலைக் குழிக்குள் விட்டு ஆட்டிப் பார்ப்பார். கொஞ்சம் ஆடினாலும் அதுவும் தட்டுக்குத்தான்.

"யோவ், போல்ட்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று ஒருநாள் பின்னால் நின்ற படகுக்காரர் கத்தினார்.

"பொண்ணுன்னா ஒரு தபா பாத்துட்டுப் போயிடலாம்பா" என்றார் இவர், தலையைத் தூக்காமல். "இத்த நாளைக்கே கழட்ட வேண்டி வரும்."

கடையே சிரித்தது. எங்கள் முதலாளி அவருக்கு 'மரை கழண்ட ஆளு' என்று பெயர் வைத்திருந்தார். எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போன பிறகு தட்டைப் பார்த்தால், போல்ட்டெல்லாம் அளவு வாரியாக, தலையெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கியிருக்கும். அப்படிச் செய்கிற ஆளிடம் எவ்வளவு நேரம்தான் எரிச்சல்பட முடியும்?

அவர் கிதார் செய்கிறவர். குருசுக்குப்பத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, பின்கட்டில் பட்டறை. கிதார் என்றால் ஒரே மரத்தில் குடைந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார், கழுத்து வேறு, உடம்பு வேறு என்று. பலர் இரண்டையும் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். இவர் ஒட்ட மாட்டார். கழுத்தின் அடியில் இரண்டு ஓட்டை போட்டு, உள்ளே மரை வெட்டிய பித்தளைக் குழல் இரண்டை இறக்குவார். கடையில் அதை இன்சர்ட் என்போம். உடம்பின் வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டு, உள்பக்கமிருந்து இரண்டு போல்ட்டை அந்தக் குழலுக்குள் முறுக்கினால் கிதார் சேர்ந்துவிடும். தந்தியைத் தளர்த்தி அந்த இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கழுத்து தனியாகக் கையோடு வந்துவிடும். துணிக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடிக்கொள்ளலாம். பிரான்சுக்குப் போகிறதும் லீவுக்கு வருகிறதுமாக இருக்கிற குடும்பங்கள் இந்த ஊரில் கொஞ்சமா? அவர்களெல்லாம் அதற்காகவே அவரைத் தேடி வந்தார்கள்.

மர ஸ்குரூ போட்டால் நாலு தடவை கழற்றி மாட்டுவதற்குள் மரத்தில் ஓட்டை தேய்ந்து பெரிதாகிவிடும். சாதா இரும்பு எங்கள் கடற்கரைக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. பித்தளைப் போல்ட்டுக்கோ தலை மெத்தென்று இருக்கும், ஆலன் கீ வழுக்கிவிடும். ஆகவே போல்ட் மட்டும் எஸ்.எஸ்., துருப்பிடிக்காத ஸ்டீல். அது போய் உட்காருகிற இன்சர்ட் பித்தளை. எத்தனை கிதார் செய்தாலும் இந்த ஜோடியை அவர் மாற்றியதில்லை. எஸ்.எஸ்ஸுக்குள் எஸ்.எஸ்ஸைப் போட்டு வேகமாக முறுக்கினால் சூடேறி ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் படகுக்காரர்கள் போல்ட்டோடு கிரீஸும் கேட்டு வாங்குவார்கள். அவருக்கும் தெரியாமல் இல்லை.

"மாட்டுறத யார் வேணா மாட்டலாம்மா" என்பார். "கழட்டும்போதுதான் செஞ்சவன் யாருன்னு தெரியும்."

அவர் வீட்டுக்கு நான் முதலில் போனபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டில் ஓர் ஆணி கிடையாது. கட்டில், துணி அலமாரி, பாத்திர ஸ்டாண்ட் எல்லாம் போல்ட்டில் நின்றன. சாமி அலமாரியைக்கூட நாலு போல்ட் தாங்கிக்கொண்டிருந்தது.

"சாமியுமா அண்ணே?" என்றேன்.

"ஏன், சாமி மட்டும் வீடு மாறக் கூடாதா?"

அவர் மனைவி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தார். "என்னையத்தான் எதுல மாட்டி வெச்சிருக்காருன்னு இன்னும் தெரியல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். சின்னப் பெண்ணாக இருந்த மகள் பாயில் உட்கார்ந்து கிதாரில் எதையோ தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்தாள். இவர் ஆலன் கீயைக் கையில் வைத்தபடி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணியின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அந்த வழியில் அண்ணிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, அண்ணி வழியாக மகளுக்கும். ஒரு வருடம் அண்ணி அங்கே வேலை தேடிக் கிளம்பினார். முன்னால் போய் இடம் பார்த்து இருவரையும் கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு. இவர் போக மாட்டார் என்று அண்ணிக்கும் தெரிந்திருக்கும். மனைவியைச் சென்னைக்கு வண்டியேற்றிவிட்ட அன்று மத்தியானமே இவர் கடைக்கு வந்து வாஷர் கேட்டார்.

"அண்ணி கெளம்பிட்டாங்களா?"

"கெளம்பிட்டா."

"கஷ்டமா இல்லியாண்ணே?"

ஒரு வாஷரை எடுத்து அதன் ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தார். "போறவங்கள முறுக்கிப் புடிச்சா மரை போயிடும்மா. லூசா வுட்டாத்தான் திரும்ப வந்து மாட்டிக்க முடியும்."

எனக்கு அப்படியே சிலிர்த்துவிட்டது. எங்கள் அண்ணன் துபாய்க்குப் போன அன்று, துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து விற்கிற எங்கள் அம்மா, கூடையை வீசிவிட்டுத் தெருவில் உருண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவன் பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடுவானோ என்று பயந்தோம். இப்படியும் ஒரு மனுஷர் இருக்கிறாரே என்று அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா மீன் கழுவிக்கொண்டே, "அழ வேண்டிய நேரத்துல அழாத ஆளப் பாத்தா எனக்குப் பயம்டி" என்றாள். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி ஒரு லீவுக்கு வந்தார். அப்புறம் வரவில்லை. போன் மட்டும் மகளுக்கு வந்துகொண்டிருந்தது. இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னைவிட அதிக நேரம் போல்ட் பொறுக்கினார், அவ்வளவுதான்.

அவரைக் கண்டு நான் முதலில் பயந்தது ஒரு கல்யாண பேண்டுக்காரர் விஷயத்தில். பாவம், அந்த மனுஷர் மேடை மேடையாக வெயிலில் வாசித்துத் திரிகிறவர். இவர் செய்துகொடுத்த கிதாரின் கழுத்து கொஞ்சம் ஆடியது என்று, இடுக்கில் பசையை ஊற்றிக் காயவைத்துவிட்டார். போல்ட்டைக் கால் சுற்று இறுக்கியிருந்தால் போதும். அதைத்தான் அவர் செய்யவில்லை. கழுத்து கோணலாக ஒட்டிக்கொண்டது என்று ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர், இவர் கடையில் இருப்பதைப் பார்த்து அங்கேயே கொடுத்துவிட்டார். பசை வழிந்து காய்ந்திருந்த இடத்தை இவர் கட்டைவிரலால் தடவினார். முகம் செத்துப்போயிற்று. கிதாரைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, வாங்க வந்ததையும் வாங்காமல் நடந்துவிட்டார். பேண்டுக்காரர் பின்னாலேயே ஓடினார்.

பிறகு பேண்டுக்காரர் என்னிடம் வந்து அழாத குறை. "எக்கா, கல்யாணம் ஒத்துக்கினு இருக்கேன். கிட்டார குடுக்க மாட்டேங்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். பட்டறையில் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கில் ரப்பர் குழாய் மாட்டி, பசை போட்ட இடத்துக்கு ஆவி காட்டிக்கொண்டிருந்தார். பல நாளாக அதே வேலை என்று மகள் சொன்னாள். கடைசியில் கழுத்து பிரிந்து வந்தது, மரத்தைப் பிய்த்துக்கொண்டு. பேண்டுக்காரருக்கு வேறு ஒரு புது கிதாரை அவர் கொடுத்துவிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துப் பிறகு ஒருநாளும் பேசவில்லை. பிய்ந்த கிதாரின் இரண்டு துண்டுகளையும் பட்டறைச் சுவரில் தனித்தனியாகத் தொங்கவிட்டிருந்தார்.

"ஒட்டிட்டானே" என்றார் என்னிடம். "எங்கயும் போகக் கூடாதுன்னு ஒட்டிட்டானே."

வெறும் கிதார்தானே அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் கிளம்பி வந்துவிட்டேன்.

மகள் காலேஜ் முடித்தாள். நன்றாக வாசிப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அண்ணி அங்கிருந்து அவளைக் கூப்பிட்டார், மேலே படிக்கலாம், கூடவே இருக்கலாம் என்று. காகிதமெல்லாம் நல்லபடியாக வந்துவிட்டது. போவதா வேண்டாமா என்று அவள் அப்பாவிடம் கேட்டபோது, அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார் என்று தெருவே சொன்னது. யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்திருந்த ஈட்டிமரப் பலகையில் அவளுக்கென்று ஒரு கிதார் செய்ய ஆரம்பித்தார். பார்த்துவிட்டு வந்த என் அம்மாவே, "பொண்ணு கல்யாணத்துக்கு நகை செய்யுறாப்ல செய்யுறாரு" என்றாள்.

அது முடிகிற சமயத்தில் ஒரு முற்பகல் கடைக்கு வந்தார். நான் வழக்கம்போலப் பித்தளை இன்சர்ட் தட்டை எடுத்து வைத்தேன். அவர் துண்டை விரிக்கவில்லை.

"பித்தளை வேண்டாம். எஸ்.எஸ். இன்சர்ட் இருக்குதா?"

"இருக்குது. படகு கேபினுக்கு வாங்கினது. எதுக்குண்ணே?"

"ரெண்டு குடு. போல்ட்டும் எஸ்.எஸ்."

"கடிச்சிக்குமேண்ணே."

"தெரியும்."

"கிரீஸ் தரட்டா?"

"வேணாம்மா."

நான் எடுத்து வைத்த முதல் இரண்டு போல்ட்டையே வாங்கிக்கொண்டார். நகத்தால் கீறவில்லை, நட்டைச் சுண்டவில்லை. பின்னால் கத்துவதற்குத் தயாராக நின்ற படகுக்காரருக்கே ஏமாற்றமாகிவிட்டது. வேறு ஏதோ வேலைக்கு வாங்குகிறார் போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அன்று முழுவதும் மனசு சரியாக இல்லை.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் கிதாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். தந்திகள் தளர்ந்து தொங்கின. உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது.

"எக்கா, கழலவே மாட்டேங்குது. நாளைக்குக் காலையில வண்டி. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"அப்பா எங்க?"

"பிள்ளைச்சாவடியில மரம் பாக்கணும்னு காலையிலயே போயிட்டாரு. போன் எடுக்கல." சட்டென்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதான் எதனா மட்டமான போல்ட்ட குடுத்துட்டீங்க. அப்பா செஞ்சது எதுவும் இதுவரைக்கும் கழலாம இருந்ததில்ல."

மட்டமான போல்ட் என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனாலும் கிதாரைத் துணி மேல் படுக்க வைத்து, துவாரத்துக்குள் கையை விட்டேன். ஆலன் கீ உட்கார்ந்தது. முறுக்கினேன், அசையவில்லை. இரும்புக் குழாயைச் செருகிப் பிடியை நீளமாக்கி அழுத்தினேன். போல்ட் அப்படியே இருந்தது, குழியின் மூலைதான் மழுங்கியது. அதற்கு மேல் முயற்சி செய்ய வேண்டியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்றவளுக்குத் தெரியாதா?

அவர் பசையைக் கையால் தொடவே இல்லை. தொடாமலே ஒட்டியிருந்தார்.

"உள்ள பித்தளை இல்ல" என்றேன். "எஸ்.எஸ்."

அவள் பட்டறையில் வளர்ந்தவள். "எஸ்.எஸ்ஸுக்கு எஸ்.எஸ்ஸா?" என்றாள். "கிரீஸு?"

"போடல."

கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தை விரலால் தடவினாள். அத்தனை அழகான சேர்மானத்தை நான் பார்த்ததில்லை, ஒரு தாள்கூட நுழையாது.

"மறந்துட்டாராக்கா?"

ஆமாம் என்று சொல்லுங்களேன் என்று அவள் முகம் கெஞ்சியது. பொய் சொல்ல எனக்குத் தெரியாதா? 'நாளைக்கு ஸ்டாக் வந்துடும்' என்று தினமும் சொல்கிறவள்தான் நான். ஆனால் கடல் தாண்டிப் போகிற பெண், அப்பாவைப் பற்றித் தெரிந்துகொண்டு போகட்டும் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"மறக்குற ஆளா உங்கப்பா? கிரீஸ் தரட்டான்னு நான் கேட்டேன். வேணாம்னுட்டாரு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதுவும் அப்பா போலத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. போவாதடின்னு. எத்தினி தபா கேட்டேன் தெரியுமா? ஒவ்வொரு தபாவும் போ, போன்னு சிரிச்சாரு."

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"தெரியல. ஆனா நின்னு யோசிச்சிருப்பேன்."

ஒரு கிதாருக்காக ஒரு பெண் விமானத்தை விட்டுவிடுவாளா? மாட்டாள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் அந்தப் பட்டறையில் தனியாக உட்கார்ந்து வேகம் வேகமாக முறுக்கியிருக்கிறார். அதை நினைத்ததும் எனக்கு அவர் மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"போல்ட்டு தலைய டிரில் பண்ணி எடுக்கலாம்" என்றேன். "கழுத்து வீணாப் போவும். இல்லன்னா பெரிய பெட்டியா வாங்கி முழுசாவே எடுத்துக்கினு போயேன்."

"போவலாம்." எழுந்து கிதாரை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். "வேணாம்க்கா. கழட்ட முடியாதத எடுத்துக்கினு அலையாதன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். வந்தார்னா அவர்கிட்டயே குடுத்துடுங்க."

சாலையைத் தாண்டி ஆட்டோ பிடித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை அப்பா வாசலில் நின்று சிரித்த முகமாக அவளை வழியனுப்பியதாகவும், கிதாரைப் பற்றி இரண்டு பேருமே பேச்செடுக்கவில்லை என்றும் தெருவில் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். போல்ட் டப்பாக்களுக்கு மேலே நான் தூக்கி வைத்திருந்த கிதாரைப் பார்த்தார். அது இங்கே இருப்பது அதுவரை அவருக்குத் தெரியாதோ என்னவோ. மகள் எப்படியோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்திருக்கலாம். நான் இறக்கிக் கொடுத்தேன்.

பழைய துண்டை விரித்தார். கிதாரைப் படுக்க வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்துத் துவாரத்துக்குள் கையை விட்டார். தோள் இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது. கீ வழுக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் விட்டார். மறுபடியும் வழுக்கியது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் எனக்குப் பல்லைக் கூசவைத்தது.

"கொஞ்சம் கிரீஸ் இருந்தா குடும்மா" என்றார்.

கடித்துக்கொண்ட பிறகு கிரீஸ் எதற்கும் உதவாது. அது எனக்கும் தெரியும், என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். விரலில் தொட்டு எடுத்துக்கொண்டு, கண்ணை மூடி, கிதாரின் வயிற்றுக்குள் இருட்டில் அந்தப் போல்ட்டைத் தடவித் தேடினார்.

பின்னால் அதே படகுக்காரர் வந்து நின்றிருந்தார். அன்று ஏனோ கத்தவில்லை. இவர் கையை வெளியே எடுக்காமலே கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்.

"நீ வாங்கிக்கினு போப்பா" என்றார். "எனக்கு நேரமாவும்."